வட்டுக்கோட்டையில் பிறந்தவரும் ஈப்போவில் பிறந்தவரும்

தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் பேத்தி, சென்ற மாதம் சிங்கப்பூரின் தேசியப் பற்றுறுதியைத் தமிழில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, ‘இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்டு’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, “மறக்கணும்னா, அப்பப்பா, தமிழையுமா மறக்கணும்?” என்று கேட்டாள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியராக இருந்து, எத்தனையோ காலைகளில் கொடிக்கம்பத்தின் முன் கையை நெஞ்சில் வைத்து அதே வரியைச் சொன்னவன் நான். இருந்தும் அவளுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. வேற்றுமையைத்தான் மறக்கச் சொல்கிறார்கள், மொழியை மறக்கச் சொல்லவில்லை என்று இலக்கணம் பேசிச் சமாளித்தேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். என்னால் அந்தச் சொல்லைக் கடந்து போக முடியவில்லை.

பற்றுறுதியின் ஆங்கில வடிவத்தில் ‘மறந்து’ என்ற சொல் இல்லை. இனம், மொழி, மதம் எதுவாயினும் அதைப் பொருட்படுத்தாமல் என்ற பொருளில்தான் அந்த வரி அமைந்துள்ளது. ஆனால் தமிழில் நிற்கும் அந்தச் சொல்லுக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1966 பிப்ரவரியில் கல்வி அமைச்சர் ஓங் பாங் பூன், அதிகாரிகள் எழுதிய இரண்டு வரைவுகளை வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டபோது, அவர் தாமே ஒரு வரைவை எழுதித் திருப்பி அனுப்பினார். இன, மொழி, சமய வேறுபாடுகளை மறந்து ஒரே மக்களாவோம் என்றுதான் அவர் அதில் எழுதியிருந்தார். பிரதமர் லீ குவான் யூ அதைச் செப்பனிட்டார். இறுதி ஆங்கில வடிவத்தில் ‘மறத்தல்’ போய்விட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் தேதி 529 பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மாணவர்கள் முதன்முறையாக அதைச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் விடப்பட்ட அந்தச் சொல், அதை முதலில் எழுதியவரின் முன்னோர் மொழியில் மட்டும் நிலைத்துவிட்டதைப் போல எனக்குத் தோன்றுகிறது. அது தற்செயலாகவும் இருக்கலாம்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. என் அப்பப்பா மலாயா இரயில்வேயில் எழுத்தர். சிலோன் ரோட்டில் உள்ள செண்பக விநாயகர் கோயிலில்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கினார்கள். திருவிழா நாட்களில் அன்னதானம் முடிந்ததும் வாழையிலையை மடித்துவிட்டுப் பெரியவர்கள் மண்டப ஓரத்தில் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். என் பெரியப்பாவின் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட இரண்டு பெயர்கள் ராஜரத்தினமும், தந்தை செல்வா என்று அழைக்கப்பட்ட இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகமும். செல்வா என்று சொல்லும்போது அவர் குரல் தழையும். ராஜரத்தினம் என்று சொல்லும்போது பெருமையோடு சிறிது சலிப்பும் கலந்திருக்கும். “பெரிய மனிசன்தான், தம்பி. ஆனா எங்கட ஆள் எண்டு அவர் ஒருநாளும் சொன்னதில்லையே” என்பார். எங்கட ஆள் என்று சொல்ல மறுப்பதும் ஓர் அரசியல் நிலைப்பாடாக இருக்க முடியும் என்பது எனக்கு விளங்க நெடுநாள் ஆயிற்று.

இருவருடைய பிறப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம் 1915 பிப்ரவரி 25 அன்று யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, கைக்குழந்தையாக மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டுச் சிரம்பானில் வளர்ந்தார். இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1898 மார்ச் 31 அன்று மலாயாவின் ஈப்போவில் பிறந்து, சிறு பிள்ளையாக யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஒரே சமூகத்தின் இரண்டு பிள்ளைகளை வங்காள விரிகுடா இடம் மாற்றி வைத்தது. ஒருவர் எண்ணிக்கையில் மிகச் சிறிய இனத்திலிருந்து வந்து, தம்மைத் தம் இனத்தின் பிரதிநிதி என்று சொல்லிக்கொள்ளாமலேயே ஒரு நாட்டின் அடிப்படைச் சொற்களை எழுதினார். மற்றவர் தம் இனத்தின் பிரதிநிதியாகவே வாழ்ந்து, பெரும்பான்மையின் தலைவர்களோடு ஒப்பந்தத்தின்மேல் ஒப்பந்தம் செய்து, அவை ஒவ்வொன்றாகக் கைவிடப்படுவதைப் பார்த்துக் கண்மூடினார்.

செல்வநாயகத்தை இனவாதி என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் அவர் வாழ்க்கையைப் படித்ததில்லை என்றே நினைக்கிறேன். அவர் கிறிஸ்தவர், அவரைத் தந்தை என்று அழைத்தவர்களில் பெரும்பாலோர் சைவர்கள். அவர் பழைய கட்சியிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் புதுக் கட்சி தொடங்கியதற்கு முக்கியக் காரணம், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானபோது, தமிழ் காங்கிரசின் தலைமை அரசாங்கத்தோடு சேர்ந்து நின்றது. அந்தத் தொழிலாளர்கள் அவருடைய வாக்காளர்கள் அல்லர்; யாழ்ப்பாணத்து மேட்டுக்குடி அவர்களைத் தம்மவராகக் கருதியதும் இல்லை. 1952 தேர்தலில் காங்கேசன்துறை மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். சிறுபான்மை அரசியல்வாதியின் முதல் தேர்வு பல நேரங்களில் சொந்த வீட்டுக்குள்ளேயே நடக்கிறது என்பதற்கு அந்தத் தோல்வியைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

பிறகு 1956 வந்தது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்த ஜூன் 5 அன்று, காலிமுகத்திடலில் அமைதியாக அறப்போராட்டம் நடத்திய அவரும் தோழர்களும் கும்பலால் தாக்கப்பட்டார்கள். மறு ஆண்டு ஜூலை 26 அன்று பிரதமர் பண்டாரநாயக்க அவரோடு ஒப்பந்தம் செய்தார். வட்டார சபைகள் அமைப்பது, வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகத்தில் தமிழுக்கு இடம் தருவது என்று அதில் இருந்தவை, இன்று படிக்கும்போது மிக எளிய கோரிக்கைகளாகத் தெரிகின்றன. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு முன் அமர்ந்து எதிர்த்ததும் அவர் அதைக் கைவிட்டார். அடுத்த மாதமே கலவரம் மூண்டது. 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்கவோடு செய்த இரண்டாம் ஒப்பந்தமும் நடைமுறைக்கு வரவில்லை. பண்டாரநாயக்க கெட்ட எண்ணத்தோடு கையெழுத்திட்டார் என்று நான் நினைக்கவில்லை. தமிழரோடு பேசித் தீர்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வாக்குப் பெறுவதற்காகத் தாமே கிளப்பிவிட்ட உணர்ச்சியை அவரால் அடக்க முடியவில்லை.

முதுமையிலும் நோயிலும் குரல் தளர்ந்து, காது மந்தமாகி, நடுங்கும் உடலோடு இருந்த செல்வநாயகம், 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை எதிர்த்து அந்த ஆண்டு அக்டோபரில் பதவி விலகி, மக்கள் தீர்ப்பைக் கேட்கலாம் என்றார். இடைத்தேர்தலை நடத்த அரசாங்கம் 1975 பிப்ரவரிவரை இழுத்தடித்தது. அவர் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மறு ஆண்டு மே 14 அன்று, இணைப்பாட்சி கேட்டே வாழ்நாளைக் கழித்த அந்த மனிதரின் தலைமையில், தனிநாடு கோரும் தீர்மானம் நிறைவேறியது. அது நிறைவேறிய ஊர் வட்டுக்கோட்டை. வேற்றுமைகளை மறப்போம் என்று இங்கே எழுதியவர் பிறந்த அதே ஊர். இந்தப் பொருத்தத்தை முதலில் கவனித்த நாளில் நான் வெகுநேரம் எதுவும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் சமூகத்தில் இதை வைத்து ஒரு பேச்சு உண்டு: ராஜரத்தினம் விவேகமாக நடந்துகொண்டார், அதனால் வென்றார், செல்வா பிடிவாதமாக நின்றார், அதனால் தோற்றார் என்பார்கள். நான் இதை ஏற்பதில்லை. ராஜரத்தினத்துக்குக் கிடைத்த நிலம் வேறு.

அந்த நிலமும் இரத்தம் காணாததன்று. 1964 ஜூலை 21 அன்று, நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங்கிலிருந்து கேலாங் நோக்கிச் சென்றபோது மூண்ட மலாய் - சீனர் கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மீண்டும் மூண்டபோது மேலும் 13 உயிர்கள் போயின. அப்போது கலாசார அமைச்சராக இருந்த ராஜரத்தினத்தின் தொகுதி, சுல்தான் பள்ளிவாசல் நிற்கும் வட்டாரத்தின் பெயரைத் தாங்கிய கம்போங் கிளாம். அடித்துக்கொண்ட இரண்டு இனங்களிலும் அவர் சேர்ந்தவரல்லர். அது ஒரு வசதி என்று சிலர் சொல்லக்கூடும். இரண்டு தரப்பும் சந்தேகத்தோடு பார்க்கும் இடம் அதுதான் என்பதை, அண்டை வீட்டுச் சண்டையில் ஒருமுறையாவது நடுவில் போய் நின்றவர்கள் அறிவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

1959இல் கலாசார அமைச்சரானதும் அவருடைய அமைச்சு செய்த முதல் காரியங்களில் ஒன்று, மலாய், சீன, இந்தியக் கலை நிகழ்ச்சிகளை ஒரே மேடையில் திறந்தவெளியில் நடத்தியது. பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவில் நடந்த அத்தகைய ஒரு கலைவிழாவுக்குத் தம் தகப்பனார் தோளில் தூக்கிச் சென்றதை என் மூத்த சக ஆசிரியர் ஒருவர் அடிக்கடி நினைவுகூர்வார். அதற்கு முன் அப்படியெல்லாம் பார்த்ததில்லை, அவரவர் கூத்து அவரவர் தெருவில்தான் என்பார்.

மலேசியாவிலிருந்து பிரியும் உடன்பாட்டில் கையெழுத்திட ராஜரத்தினமும் துணைப் பிரதமர் டோ சின் சாயும் மனம் ஒப்பாமல் தயங்கினார்கள் என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. சிரம்பானில் வளர்ந்தவருக்குத் தாம் வளர்ந்த ஊர் ஒரே நாளில் வெளிநாடாக மாறுவது எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. 1965 ஆகஸ்ட் 9க்குப் பிறகு அவர் அந்த வெளிநாட்டோடும் பேச வேண்டிய வெளியுறவு அமைச்சரானார். 1980வரை அந்தப் பதவியில் இருந்தார்.

ஆனால் நான் முக்கியமாகக் கருதுவது பிரிவினைக்கு அடுத்த சில வாரங்களில் நடந்ததை. புதிய நாட்டில் சீனர்கள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. சீன மொழிக்கு உரிய இடம் வேண்டும் என்று சீன வர்த்தக சபை வலியுறுத்தியபோது, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் சம நிலையிலான அதிகாரத்துவ மொழிகள் என்று பிரதமர் லீ அறிவித்தார். பெரும்பான்மையின் தலைவர் பெரும்பான்மையின் வாக்குக்காக மொழியைச் சீட்டாக இறக்கவில்லை. கொழும்பில் 1956இல் இறக்கப்பட்ட சீட்டு இங்கே கையிலேயே வைக்கப்பட்டது. ‘மறப்போம்’ என்று எழுதும் துணிவு ராஜரத்தினத்துக்கு இருந்தது உண்மை. அதே வேளையில், மறப்பது வலியவனும் செய்யும் காரியமாக இருந்ததால்தான் அந்தச் சொல் அவருடைய பேனாவில் பொய்யாகவில்லை. தன் மொழியில் ஓர் அரசாங்கக் கடிதம் வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்த தெல்லிப்பழைத் தமிழனிடம் மறந்துவிடு என்று செல்வநாயகம் சொல்லியிருந்தால், அது விவேகமாக இருந்திருக்காது, கைவிடுவதாகத்தான் இருந்திருக்கும்.

ஈப்போவில் பிறந்தவர் ஈப்போவிலேயே வளர்ந்திருந்தால், வட்டுக்கோட்டையில் பிறந்தவர் வட்டுக்கோட்டையிலேயே வளர்ந்திருந்தால் என்று பெரியப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “ரெண்டு பேருக்கும் பேர் மாறியிருக்கும். வேறென்ன?” என்றார்.

சிங்கப்பூரின் கதையை இங்கே முடித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அது நேர்மையாகாது. கம்போங் கிளாமின் உறுப்பினராக 1959 முதல் இருந்த ராஜரத்தினம் 1988இல் அரசியலிலிருந்து விலகினார். அதே ஆண்டில்தான், வேட்பாளர்கள் சிலர் ஒரே குழுவாகச் சேர்ந்து ஒரு தொகுதியில் போட்டியிடும் குழுத்தொகுதி முறை வந்தது. வாக்காளர்கள் தம் இனத்தவரையே தேர்ந்தெடுக்கும் போக்கு வளர்ந்தால் நாடாளுமன்றத்தில் சிறுபான்மையினர் குறைந்துவிடுவார்கள் என்ற கவலையில், ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. அந்த வேட்பாளர், தாம் மலாய் சமூகத்தைச் சேர்ந்தவர் அல்லது இந்தியர் உள்ளிட்ட பிற சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று அதற்கான குழுவிடம் சான்றிதழ் பெற வேண்டும். சிங்கப்பூரர் என்பது வம்சாவளியால் வருவதன்று, நம்பிக்கையாலும் தேர்வாலும் வருவது என்று வலியுறுத்திவந்தவர் வெளியேறிய ஆண்டில், அவரைப் போன்றவர்கள் உள்ளே வருவதற்கு வம்சாவளிச் சான்று தேவைப்படத் தொடங்கியது.

இந்த முறையை நான் முழுமனத்தோடு எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. சட்டம் இல்லாமலே ஒரு சிறுபான்மையினர் சீனப் பெரும்பான்மை வாக்காளர்களிடம் வெல்ல முடியும் என்பதை 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் ஜே.பி. ஜெயரத்தினம் காட்டினார், யாழ்ப்பாணத்தில் பிறந்த இன்னொருவர், அதுவும் எதிர்க்கட்சிக்காரர். 2023இல் தர்மன் சண்முகரத்தினம் 70.4 விழுக்காட்டு வாக்குகளோடு அதிபரானபோது, போட்டி நடந்த ஒரு தேர்தலில் சீனரல்லாத ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. அவரும் இலங்கைத் தமிழ் வம்சாவளியினர் என்பதால் மறுநாள் காலை எங்கள் கோயில் மண்டபத்தில் முகங்கள் மலர்ந்திருந்தன. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்தான், மூத்த தலைமுறையினர் சீனரல்லாத பிரதமரை ஏற்கத் தயாராக இல்லை என்று அமைச்சர் ஒருவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். இரண்டும் ஒரே நாட்டைப் பற்றிய உண்மைகள். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு சில ஆண்டுகள், நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியில் கடிதம் எழுதும் தொண்டூழியராக இருந்தேன். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மடக்கு மேசைகள், வரிசை எண் சீட்டுகள், மின்விசிறிச் சத்தம். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் தமிழர். அவரிடம் வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் சீனர்கள். ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி மட்டுமே பேசும் முதியவர்கள் வந்தால் பக்கத்தில் ஒரு தொண்டூழியர் மொழிபெயர்ப்பார். உறுப்பினரும் ஹொக்கியனில் இருபது முப்பது சொற்களைக் கற்று வைத்திருந்தார். சாப்பிட்டீர்களா, கால் வலி எப்படி இருக்கிறது, மகன் வேலைக்குப் போகிறானா. அந்தச் சொற்களைக் கேட்டதும் மூதாட்டிகளின் தோள் சற்றுத் தளர்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சீன உறுப்பினர் அதே மூதாட்டியிடம் எதையும் நிரூபிக்காமல் நேராக விஷயத்துக்கு வந்திருப்பார். இவருக்கோ ஒவ்வொருவரிடமும் முதல் ஒரு நிமிடம், நான் உங்களுக்கும் உரியவன் என்று காட்டுவதிலேயே போகும். ஓர் இரவில் அறுபது பேர் என்றால் அறுபது நிமிடங்கள்.

தமிழர்கள் வந்தால் வேறு வகைச் சோதனை. ஒருநாள் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வாடகை வீட்டு விண்ணப்பம் தொடர்பாக வந்தார். வரிசை எண் 41. “நம்ம ஆள்தானே, முன்னாடி பார்க்கச் சொல்லுங்க சார்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் உள்ளே போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்பது இப்போது தெரிகிறது. உறுப்பினர் நிமிர்ந்து பார்க்காமல், “எத்தனையாவது எண், ஐயா?” என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். “அப்ப நாற்பத்தொன்றில் வரட்டும். உட்கார நாற்காலி கொடுங்க, தண்ணியும் கொடுங்க” என்றார்.

பெரியவருக்கு வருத்தம்தான். நம்மவர் என்று வந்தேன், இவரும் இப்படித்தானா என்று என் காதுபடச் சொன்னார். மணி பதினொன்றுக்கு அவர் முறை வந்தது. உறுப்பினர் அவருடைய கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, நான் எழுதிய இரண்டு பத்திகளை அடித்துவிட்டு, பெரியவரின் மருத்துவமனைக் குறிப்புகளைத் தாமே கேட்டுச் சேர்த்து எழுதினார். பிறகு அவரோடு மின்தூக்கிவரை நடந்து போனார். போகும்போது இருவரும் தமிழில் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து, 42ஆம் எண்ணை அழைத்தார்.